வால் தொங்கிய பெட்டை: கோழி வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூர் செராங்கூன் கார்டன்ஸ் தரைவீட்டில் மூன்று பெட்டைகள் வளர்க்கிறோம். ஒன்று நேற்றுக் காலையிலிருந்து முட்டைப் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக முக்குகிறது. முட்டை வரவில்லை. வால் தொங்கிவிட்டது, இரையும் எடுக்கவில்லை.

பதில்: முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்றே தோன்றுகிறது. இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். எல்லாக் கால்நடை மருத்துவரும் கோழி பார்ப்பதில்லை, தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

அதுவரை ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, வயிறு மூழ்கும்படி 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடக்கூடாது. முதலில் இறக்கையை அடித்துத் தண்ணீரை வாரி இறைக்கும். மார்பைத் தாங்கிப் பிடித்தபடி பொறுத்திருங்கள். சற்று நேரத்தில் கழுத்துத் தளர்ந்து கண் பாதி மூடும். அப்போதுதான் தசை இளகுகிறது. பிறகு நன்றாகத் துவட்டி, இருட்டான மூலையில் தனியே விடுங்கள்.

வயிற்றை மட்டும் அமுக்கவே அமுக்காதீர்கள். ஓடு உள்ளே உடைந்தால் குடலையும் கருப்பையையும் கிழித்துச் சீழ் பிடிக்கும். அவசரப்பட்டு விரலால் எடுக்கப் பார்த்து ஒரு கறுப்புப் பெட்டையை நான் இழந்திருக்கிறேன். இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி: நான்கு நாளாக ஓடு கெட்டியாகாத தோல்முட்டையாகவே இடுகிறது. சத்துக் குறைவா?

பதில்: இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் நான் முதலில் பார்ப்பது வெயிலைத்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி மூச்சிரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது. சுண்ணாம்புச் சத்து இருந்தும் ஓடு மெலிவது இதனால்தான். நண்பகலில் கூண்டுக்கு நிழல் வேண்டும், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவு. ஆகவே நொறுக்கிய கிளிஞ்சலை மாலையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். மிச்சச் சோற்றையும் ரொட்டியையும் குறையுங்கள். அவற்றால் வயிறு நிரம்பினால் முட்டைக்கோழித் தீனி இறங்காது.

கேள்வி: பெட்டியைவிட்டு எழவே மறுக்கிறது, கை வைத்தால் கொத்துகிறது. நோயா?

பதில்: இல்லை, அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் இரையும் தண்ணீரும் வைத்து மூன்று நாள் விடுங்கள். தெளிந்துவிடும்.

கேள்வி: கொண்டையில் கறுப்புப் பொருக்குகள். கொத்திக்கொண்ட காயமா?

பதில்: ஒன்றிரண்டு என்றால் காயமாக இருக்கலாம். கண்ணோரத்திலும் தாடியிலும் மருப்போல எழும்பியிருந்தால் அம்மை. கொசுதான் பரப்புகிறது. காட்டுப் பறவைகள் நுழையாத கூண்டில்தான் கோழி வளர்க்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அந்த வலைக் கண்ணில் கொசு தாராளமாக நுழையும். இரவில் கொசுவலை போட்டு மூடுங்கள், பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், சில வாரங்களில் தானே உதிரும். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.