சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு போய், ஊர் மக்களின் வாழ்க்கையையும் பார்த்துவர நல்ல மலைப்பகுதி எது?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மலைப்பக்கம் கூட்டிப்போக வேண்டும், வெறும் படம் எடுத்துத் திரும்பாமல் அங்கே வாழ்கிறவர்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஊட்டியா, கெந்திங்கா, கேமரனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் மலேசியாவின் கேமரன் மலை. ஊட்டி அழகுதான், ஆனால் கோயம்புத்தூருக்கு விமானம் ஏறி, அங்கிருந்து வண்டி பிடித்து, நாலு நாள் விடுமுறையில் பாதி பயணத்திலேயே போய்விடும். கெந்திங் மலைமேல் கட்டிய கடைத்தொகுதி. குளிர்சாதனம் இல்லாமலே குளிர்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். ஃபிரேசர் மலை அமைதியானது, பறவை பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் நீங்கள் கேட்கிற ஊர் வாழ்க்கை அங்கே குறைவு. கேமரனில் மக்கள் பிறந்து, வேலை செய்து, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் நடத்தி வாழ்கிறார்கள். அதிலும் தமிழ் தெரிந்தவர் போனால் அது வேறு ஊராகவே தெரியும். நம்மூர்க்காரர்களில் பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. தேயிலைத் தோட்டத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் கேக் சாப்பிட்டு, ஸ்ட்ராபெரி வாங்கி, இறங்கிவிடுகிறார்கள்.

கொஞ்சம் வரலாறு. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்தப் பக்கம் வந்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நாற்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1920களில்தான் மலாயாவின் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குளிர்ந்த ஊர் வேண்டும் என்று வேலை தொடங்கியது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். நாலு வருடம் கழித்து, 1933இல், வட இந்தியக் குடும்பம் ஒன்றின் பாரத் தேயிலை. காட்டை வெட்டிச் செடி வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் காட்டுக்கு வந்த அதே தமிழ்க் கூலிகள்தான் இங்கும் கூடை சுமந்தார்கள்.

என் மனைவியின் பெரியம்மா அந்த வரிசையில் வந்தவர். கேமரனில் ரிங்லெட் என்ற ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, இப்போது ஓய்வில் இருக்கிறார். வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் "வாங்க மாப்ள, பசியாறிட்டீங்களா?" என்று குரல் வந்துவிடும். ஆறிவிட்டோம் என்று சொன்னாலும் பயனில்லை, தோசைக்கல் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். அப்புறம் தேத்தண்ணி. பார்வையாளர் கூடத்தில் அழகான டப்பாக்களில் தேயிலை விற்கும் ஊரில், பெரியம்மா போடுவது கடையில் மலிவாகக் கிடைக்கும் தூள்தான். துணி வடிகட்டியில் ஊற்றி, கெட்டிப் பால் கலந்து, நுரை எழும்ப ஆற்றித் தருவார். டப்பா தேயிலையை வெந்நீரில் போட்டுப் பால் இல்லாமல் குடிக்கிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஒரு தடவை எங்கள் பையன், தேயிலை பறிப்பதில் என்ன கஷ்டம், இலையைப் பிய்த்தால் போதும்தானே என்று கேட்டான். பெரியம்மா பதில் சொல்லவில்லை. தோட்டத்து ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டி, எடு என்றார். அவன் கைக்கு வந்ததைப் பிடுங்கினான். அவர் அதை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தார். நுனியில் ஊசிபோல் மொட்டு, அதற்குக் கீழே இரண்டு இளம் இலை, அவ்வளவுதான் கொழுந்து. மூன்றாவது இலைக்குப் போனால் முற்றல். சந்தேகம் இருந்தால் தண்டை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். இளசாக இருந்தால் 'டக்'கென்று ஒடியும், முற்றியது நார் தெரிய வளையும். பையன் பிடுங்கியதில் பாதி வளைந்தது. "இதைத் தராசுல போட்டா கிராணி என்னைய ஏசுவாரு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை.

இந்தச் செடியை வெட்டாமல் விட்டால் பெரிய மரமாகிவிடும். இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறார்கள். கவாத்து முடிந்த சரிவு குச்சி குச்சியாக, செத்துப்போனது போலக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், தோட்டத்துக்காரர்களுக்கோ அது அடுத்த வருட வருமானம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று தெரிந்த பிறகு அந்தக் கூடையின் பாரம் புரியும். இப்போது கூடை குறைவு. கத்தரிக்கோலின் மேல் ஒரு பை பொருத்தி, வெட்ட வெட்ட இலை அதில் விழும்படி செய்கிறார்கள். சரிவு அதிகமில்லாத இடத்தில் இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கையால் எடுப்பதைவிடப் பல மடங்கு வேகம். தொழிற்சாலையில் நடப்பதைத் தோட்டத்தின் பார்வையாளர் கூடத்திலேயே காட்டுவார்கள்: இலையை வாடவிட்டு, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, சுட்டு உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பது. பிள்ளைகளுக்கு நல்ல பாடம். வாசனைக்காகவே அங்கே நிற்கலாம்.

பெரியம்மாவிடம் கேட்டால் சொல்வார், இப்போது கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், சிலர் ஜோகூரில் வீடெடுத்துத் தினமும் கடற்பாலம் கடந்து நம் ஊரில் வேலை செய்கிறார்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான் என்பதால் ஓய்வு பெற்றவர்கள் கீழே டவுனில் இடம் தேட வேண்டிவந்தது. இதை அவர் குறையாகச் சொல்வதில்லை, எனக்குத்தான் கேட்கும்போது கோபம் வருகிறது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பங்களாதேஷ் பையன்களுக்குக் கவாத்துக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பெரியப்பாதான். அவர்களும் பெரியம்மாவை "மாக்சிக்" (மலாயில் அத்தை) என்றுதான் கூப்பிடுகிறார்கள், பேச்செல்லாம் மலாயில்.

உங்களுக்கு அங்கே சொந்தம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குப் போய், அர்ச்சனை முடிந்ததும் ஓடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "எங்கேருந்து வர்றீங்க?" என்று யாராவது கேட்பார்கள். சிங்கப்பூர் என்றதும் தேக்காவிலோ ஈசூனிலோ இருக்கும் ஒரு மச்சானின் கதை வரும். தானா ராத்தாவில் தோசைக்கடைகள் இருக்கின்றன, காலை ஏழு மணிக்குப் போனால் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் நேரம், அப்போதுதான் பேச்சும் நன்றாக இருக்கும். தானா ராத்தாவில் தமிழ்ப்பள்ளி உண்டு, ரிங்லெட்டில் உண்டு, சில தோட்டங்களின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மலைச்சரிவில் அந்தப் பெயர்ப்பலகையைத் தமிழில் படித்தபோது என் மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004இல் உருவானதிலிருந்து 2018 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் தமிழர்தான் வென்றார், மூவருமே ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சிக்காரர்கள். 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி (பழங்குடியினர்) ஆனார். நம்மவர்களுக்கும் முன்னால் அந்த மலை யாருடையது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓராங் அஸ்லிகளில் ஒரு பிரிவான செமாய் மக்களைத்தான் சொல்கிறேன். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில், லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு முன்னும் பின்னும், மூங்கில் கொட்டகைகளில் அவர்கள் காட்டுத் தேன், பெத்தாய் என்ற கடும் வாடை அடிக்கும் காட்டு அவரை, பருவத்தில் டுரியான் விற்பார்கள். அங்கே நிறுத்தி வாங்குங்கள், மலாயில் நாலு வார்த்தை பேசுங்கள். 'பழங்குடிக் கிராமச் சுற்றுலா' என்று அரை நாளுக்குப் பணம் வாங்கிக் கூட்டிப்போகும் வண்டிகளும் உண்டு. அம்பு விடும் ஊதுகுழலை ஊதிக் காட்டச் சொல்லி, எல்லாரும் வட்டமாக நின்று படம் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிராமத்துக்காரரே வழிகாட்டியாக இருந்து, காசு அவர் கைக்கே போகிறது என்றால் போகலாம். கேட்டால் சொல்வார்கள்.

மறுபக்கம், சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். நாம் ஈரச்சந்தையில் வாங்கும் முட்டைக்கோசும் தக்காளியும் பல சமயம் இந்த மலையிலிருந்து லாரியில் இறங்கியவைதான். ஓட்டை உடைசல் லேண்ட் ரோவர்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு போவதை எங்கும் பார்க்கலாம், அந்த வண்டிகளைப் பார்க்கவே என் மைத்துனன் வருவான். இராத்திரி பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட், அன்று பறித்த கீரை, சூடான சாறு, வெளியே குளிர். இதற்கு நான் எதையும் ஈடு சொல்லமாட்டேன். ஆனால் கியா ஃபார்ம் என்ற சந்தைப் பகுதிக்கு மேலே மலை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூரையாக இருக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. காட்டை இப்படி வழித்தெடுத்தால் மண் நிற்காது. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. ஏரி மண் நிரம்பிக் கிடந்தது ஒரு காரணம்.

ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கு ஒன்றுக்கு மேல் போக வேண்டாம், எல்லாம் ஒன்றுதான், புளிப்பும் ஒன்றுதான். பிரிஞ்சாங் சிகரத்தில் இருக்கும் பாசிக்காட்டுக்குப் போங்கள். பிரிஞ்சாங் சிகரம் 2000 மீட்டருக்கு மேல், நம் புக்கிட் தீமா 164 மீட்டர் என்பதைப் பிள்ளைகளிடம் மேலே போய்ச் சொல்லுங்கள். ஆனால் பாதை எப்போது திறந்திருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 1967இல் ஜிம் தாம்சன் என்ற பட்டு வியாபாரி இங்கே உலாவப் போய்க் காணாமல் போன கதையை உள்ளூர் வழிகாட்டிகள் ஆளுக்கொரு முடிவோடு சொல்வார்கள். கேட்டு ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை.

போகும் வழி. சொந்த வண்டி என்றால் எல்லை தாண்டும்போது முக்கால் டாங்க் பெட்ரோல், மலேசிய வாகன நுழைவு அனுமதி, இரண்டும் கட்டாயம். அங்கே ரோன் 95 நம் வண்டிக்கு ஊற்றக்கூடாது. பேருந்து என்றால் கோலாலம்பூர் போய், அங்கே மாறி தானா ராத்தா. தாப்பா சாலை வளைவுகள் வயிற்றைப் புரட்டும், பிள்ளைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள், கொஞ்சம் சுற்று, ஆனால் நிதானம். இறங்கும்போது தாப்பா வழி. சனி, ஞாயிறு பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவே வண்டி நகராது. ஞாயிறு பிற்பகல் எல்லாரும் இறங்கும்போது நீங்கள் ஏறுங்கள், வியாழன் இறங்கிவிடுங்கள். கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை உட்கார வேண்டுமானால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். போ தோட்டத்தின் பார்வையாளர் கூடம் திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இராத்திரி 15, 16 பாகை வரை இறங்கும், ஊட்டி அளவு இல்லை, ஒரு ஸ்வெட்டர் போதும்.

யார் வீட்டுக்காவது போக வாய்த்தால் தேயிலை வாங்கிப் போகாதீர்கள். இங்கிருந்து கோடாலித் தைலம் இரண்டு புட்டி எடுத்துப்போங்கள், பெரியம்மா வயதுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

இறங்கும்போது பெத்தாய் வாங்கினால் இரண்டு பை போட்டு இறுகக் கட்டி வண்டியின் பின்பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் துவாஸ் வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்ட வேண்டும்.