கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துப் பிரம்டனில் களிமண் நிலத்தில் வீடு. ட்ரைவ்வேக்கு இன்டர்லொக் கல் போட்டால் இங்கத்தைய குளிருக்குத் தாங்குமா, ஒவ்வொரு வசந்தத்திலும் எழும்பிவிடுமா?

தாங்கும். எங்கள் வீட்டில் இப்போது கிடக்கிற கல் 7 குளிர்காலம் பார்த்துவிட்டது. அதற்கு முன் போட்டது ஒரு குளிரைக்கூடத் தாங்கவில்லை. இரண்டும் ஒரே கல், ஒரே நிலம், அதனால்தான் பதில் எழுதலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் இருப்பது மார்க்கம் பக்கம். இங்கேயும் தோண்டினால் சாம்பல் நிறக் களிதான். பழைய தாரை எடுத்துவிட்டுக் கல் போட மூன்று கொந்தராத்துக்காரரிடம் விலை கேட்டு, ஆகக் குறைவாகச் சொன்னவரைப் பிடித்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போனார். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். மார்ச் நடுவில் கராஜ் கதவு முழுதாக மூடவில்லை, கீழே கல் எழும்பி நின்றது. ஏப்ரலில் எழும்பினது இறங்கியது, ஆனால் கார்ச் சில்லு ஓடுகிற இரண்டு தடமும் வாய்க்கால் மாதிரிப் பதிந்துபோனது.

மே மாதம் இரண்டு ஸ்குரூட்ரைவரை நெம்பி நாலு கல்லைக் கிளப்பிப் பார்த்தேன். கல்லுக்குக் கீழே ஸ்கிரீனிங்ஸ் என்கிற கற்தூள், தோசைமா பதத்தில் குழைந்து கிடந்தது. அதற்குக் கீழே 4 அங்குலம் கிரவல். பிறகு களி. அவ்வளவுதான் அத்திவாரம்.

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், அதுதான் கல்லைத் தூக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். அது மட்டும் என்றால் இவ்வளவு எழும்பாது. மேலே மண் உறையத் தொடங்கியதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல வண்டலும் களியும் கீழேயிருக்கிற ஈரத்தை மேலே இழுக்கும். வந்த தண்ணீர் அங்கேயே உறைந்து, தகடு தகடாகப் பனிக்கட்டி தடித்துக்கொண்டே போகும். இது ஜனவரி வேலை. வசந்தத்தில் மேல்பக்கம் முதலில் உருகும், கீழே இன்னும் இறுகிக் கிடப்பதால் தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்தச் சேற்றின் மேல்தான் நாங்கள் தினமும் காரை ஏற்றி இறக்குகிறோம்.

தெற்கு ஒன்ராறியோவில் நிலம் உறைகிற ஆழத்தை 4 அடி என்று கணக்கெடுத்துத்தான் வீட்டு அத்திவாரம் போடுகிறார்கள். ட்ரைவ்வேக்காக யாரும் 4 அடி தோண்டப்போவதில்லை. நாங்கள் செய்யக்கூடியது அந்தத் திரியை அறுப்பதும் தண்ணீரை அண்டவிடாமல் பார்ப்பதும்தான்.

இரண்டாம் முறை 16 அங்குலம் தோண்டினோம். (தோண்டுமுன், நிலத்துக்குக் கீழே குழாயும் வயரும் எங்கே போகிறது என்று குறித்துத்தர ஏற்பாடு செய்கிற ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவியுங்கள், இலவசம். காஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு என்று கோடு போட்டுவிட்டுப் போவார்கள்.) களியின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம், களி கிரவலோடு கலக்காமல் இருக்க. அதன் மேல் 12 அங்குலத்துக்கு முக்கால் அங்குல கிரஷர் ரன், அதாவது உடைத்த கல்லும் அதன் தூளும் கலந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி மேலால் மெஷினை ஓட்டினால் அடிப்பக்கம் இறுகாது. 4 அங்குலம் கொட்டி, நனைத்து, இறுக்கி, பிறகு அடுத்த 4. ஈரம் எவ்வளவு என்று கேட்டதற்கு வேலைக்கு வந்த அண்ணை சொன்னது: “பிட்டுக்கு மாக் குழைக்கிற பதம் தம்பி. பிடிச்சா நிக்கோணும், தட்டினா உதிரோணும்.” இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கராஜ் கதவடியில் மட்டும் இன்னும் ஆழமாகப் போனோம். வீடு கட்டும்போது அத்திவாரத்துக்காக அகலமாகத் தோண்டி, பிறகு தளர்வாக மண்ணை நிரப்பிவிடுவார்கள். அந்த மண் பல வருடத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். உங்களுடையது புது வீடென்றால் இந்த இடத்தைக் கட்டாயம் கவனியுங்கள்.

கல்லுக்கு நேர்கீழே கற்தூள் வேண்டாம். கழுவின கால் அங்குலச் சல்லி, இங்கே எச்பிபி என்று கேட்டால் தருவார்கள், 1 அங்குலம் போதும். கார் ஏறுகிற இடத்துக்குக் கல் 80 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் நல்லது. அடுக்குகிற முறை ஹெரிங்போன், அதாவது கிடுகு பின்னினது மாதிரி ஒன்றையொன்று குறுக்கே பூட்டுவது. சில்லு திருகும்போது கல் நகராமல் இருக்க அதுதான் ஆகப் பலம். ஓரக்கட்டு உறுதியாக இல்லாவிட்டால் இதில் ஒன்றும் பலனில்லை, கல் வெளியே பரவிவிடும்.

சரிவு அடிக்குக் கால் அங்குலம், வீட்டிலிருந்து றோட்டுப் பக்கமாக. கல்லுக்கு மட்டுமல்ல, தோண்டின களிக்கும் அதே சரிவு வேண்டும். எங்கள் முதல் வேலையில் கூரைப் பீலித் தண்ணீர் முழுக்கக் கராஜ் மூலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் தினமும் அதைக் கடந்துதான் போய்வந்தேன்! இப்போது குழாயை நீட்டிப் புல்லுக்குள் விட்டிருக்கிறோம்.

கல் இடைவெளிக்குப் பொலிமெரிக் மண், அதாவது நனைத்தால் இறுகிப் பிடிக்கிற பசை கலந்த மணல். கல்லும் காலநிலையும் காய்ந்திருக்கும்போதே போடுங்கள், நனைக்குமுன் மேலேயிருக்கிற தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் கல் முழுக்க வெள்ளைப் படலம்.

பனி உருகத் தூவுகிற உப்பு கல்லை எழுப்பாது, கல்லின் மேல்முகத்தைத்தான் உரிக்கும். சிஎஸ்ஏ என்கிற கனடியத் தரத்துக் கல்லை உப்புநீரில் உறையவைத்து உருக்கிச் சோதித்துத்தான் விற்கிறார்கள், ஆனாலும் அள்ளி வீசாதீர்கள். சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்வதும் இல்லை. நான் வழுக்குகிற இடத்தில் மணல் தூவுகிறேன். ஸ்னோ வழிக்கிற சவளுக்குப் பிளாஸ்டிக் விளிம்பு. வழித்த ஸ்னோவை வீட்டுப் பக்கம் குவிக்காதீர்கள், பகலில் உருகி ஓடி இரவில் கல்லிடுக்கில் உறையும்.

விலை கேட்கும்போது, தோண்டுகிற மண்ணை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். 600 சதுர அடியில் 16 அங்குலம் தோண்டினால் கிட்டத்தட்ட 30 கன யார் மண் வெளியே வரவேண்டும். எங்கள் முதல் ஆள் ஒரு சின்ன ட்ரெய்லரில் அரைவாசிதான் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கே எனக்குப் பிடிபட்டிருக்கவேண்டும்.

பெப்ரவரியில் ஒன்றிரண்டு கல் கொஞ்சம் எழும்பினால் சுத்தியலோடு போகவேண்டாம். மே வரைக்கும் விடுங்கள், பெரும்பாலும் தானாக இறங்கும். இறங்காததை மட்டும் கிளப்பி, சல்லியைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். நாங்கள் முழு ட்ரைவ்வேயையும் கிளப்பி அடுக்கினபோதே உடைந்தது பத்துக் கல்தான்.