ஒரே பெஞ்சு, இரண்டு கட்டணம்

கேள்வி: என் மகளுக்கு அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். கிடைத்தது, ஆனால் சுயநிதிப் பிரிவில். அதே கல்லூரிதானே, கட்டணம் மட்டும் ஏன் பல மடங்கு?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: அம்மா, உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. சுயநிதியில் அது உங்கள் மகள் கட்டும் பணத்திலிருந்து போகிறது. இப்படியொரு கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். காலையில் உதவி பெறும் வகுப்பு, மதியம் அதே பெஞ்சில் சுயநிதி மாணவர்கள். மதியம் அதே கணக்குப்பதிவியலை நடத்திய இளைஞருக்கு என் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை. மே மாதம் அதுவும் கிடையாது. 1984 வாக்கில் பொறியியலில் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. அப்புறம் கலை, அறிவியலிலும் புதிய பாடப்பிரிவுகள் பெரும்பாலும் சுயநிதிதான். இடங்கள் கூடின, உண்மை. ஆனால் கூடிய இடமெல்லாம் காசுள்ளவருக்கு என்றால், அதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, இப்போதைக்கு: மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு நடக்கும் கலந்தாய்வையும் விட்டுவிடாதீர்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.