கிர்சுப் பாலத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா?

கேள்வி: வேலை விஷயமாக டிசம்பரில் பத்து நாள் ஈராக்கின் பஸ்ராவில் இருப்பேன். உலகின் மிகப் பழைய பாலம் என்கிற சுமேரியர் (தெற்கு ஈராக்கின் பழங்கால மக்கள்) காலத்துக் கிர்சுப் பாலத்தை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். டிசம்பர் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் 50 டிகிரியைத் தொடும். கிர்சுவின் இன்றைய பெயர் தெல்லோ. நாசிரியாவுக்கு வடக்கே, ஷத்ரா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடியும் முன்பே காரில் கிளம்பிவிடுங்கள். நாசிரியா தொல்லியல் அலுவலகத்தில், விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் மூலம் முன்னதாகவே அனுமதி கேட்டு வையுங்கள். வழியில் சோதனைச் சாவடிகள் வரும். பாஸ்போர்ட், விசா நகல்கள் கையோடு இருக்கட்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் போக வேண்டாம். அங்குள்ள களிமண்ணில் கால் வைக்க முடியாது.

அங்கே ஆறு கிடையாது, மேல்தளமும் கிடையாது. எதிரெதிரே நிற்கும் இரண்டு செங்கல் கட்டுமானங்கள், வெளிப்புறமாக வளைந்து விரியும் சுவர்கள், அவ்வளவுதான். சுமார் 4,000 ஆண்டு பழமையானவை. பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1929க்குப் பிறகு இதைத் தோண்டியபோது கோயிலா, அணையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1960களின் செயற்கைக்கோள் படங்களில் பழைய கால்வாயின் தடம் தெரிந்த பிறகே பாலம் என்ற கருத்து வலுத்தது. அண்மையில், வற்றிவந்த கால்வாய் நீரை நெருக்கி வேகமாகத் தள்ளிவிடக் கட்டியது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ரப்பர் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே கணக்கு. அந்தச் சுவர்களின் வளைவுக்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

சுவர் முன்னால் கொஞ்ச நேரம் குந்தி உட்காருங்கள். சுட்ட செங்கற்களுக்கு இடையே இருக்கும் பூச்சைக் கவனியுங்கள். அது தார். தண்ணீர் உள்ளே புகாமலிருக்க வைத்துக் கட்டியது.

தயவுசெய்து சுவர் மேல் ஏறாதீர்கள். தோண்டிய பின் பல பத்தாண்டுகள் பாதுகாப்பே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்த கட்டுமானம் அது. பிரிட்டிஷ் மியூசியமும் ஈராக்கியத் தொல்லியலாளர்களும் சேர்ந்து இப்போதுதான் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். கீழே கிடக்கும் பானை ஓட்டுத் துண்டைக்கூட எடுக்காதீர்கள். 2022இல் எரிது என்ற இன்னொரு சுமேரிய நகரத்தில் ஓடுகள் பொறுக்கிய பிரிட்டிஷ் பயணி ஒருவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்; மேல்முறையீட்டில்தான் தப்பினார்.

சுமேரியரின் ‘ஊர்’ (Ur) என்ற நகரத்தையும் அதே நாளில் பார்க்க ஆசை வரும். வேண்டாம், இரண்டும் அரைகுறையாகிவிடும். இரவு நாசிரியாவில் தங்க முடிந்தால், மறுநாள் காலையில் ‘ஊர்’ நகரத்துச் சிகுராட்டை (படிப்படியாக உயரும் கோயில் மேடையை)ப் பார்த்துவிட்டு அப்படியே பஸ்ரா திரும்பலாம்.