ஓவிய ஆசிரியரான மகள் வேலையை விடுவேன் என்கிறாரா? விடுமுறையை இப்படிக் கழிக்கட்டும்

பள்ளியில் முதல் ஆண்டை முடித்த மகள் களைத்துப்போய் வேலையே வேண்டாம் என்கிறார், கோடைப் பயிற்சி வகுப்பாவது எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வேலையை விடுவது பற்றியும் இப்போது பேச்செடுக்காதீர்கள். முதல் 10 நாள் பள்ளி சம்பந்தமான எதையும் அவர் தொடாமல் இருக்கட்டும்.

ஓவிய வகுப்பு உடம்பை முறிக்கிற வேலை. 40 பேருக்கு வண்ணம் ஊற்றி, தண்ணீர் வைத்து, தூரிகை கழுவி, மேசை துடைப்பதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். வருடம் முழுக்கப் பிள்ளைகளின் படத்தைத் திருத்தியதில் தன் படம் ஒன்றுகூட முடிந்திருக்காது. பெரும்பாலும் அந்த ஏக்கம்தான் வேலையின் மேல் வெறுப்பாக வெளிவருகிறது. ஆகவே 10 நாளுக்குப் பிறகு தினமும் 20 நிமிடம் தனக்காக மட்டும் வரையட்டும். ஏ5 அளவு (ஏ4 தாளில் பாதி) நோட்டும் ஒரு பென்சிலும் போதும். எடுத்த எடுப்பில் பெரிய கேன்வாஸ் வேண்டாம். அது முடியாமல் கிடந்தால் அதுவே இன்னொரு சுமை. 'இது பள்ளிக்கு உதவுமா?' என்று நீங்களும் கேட்காதீர்கள்.

பாடத் தயாரிப்புக்குக் கடைசி 3 வாரம் தாராளம். இணையத்தில் படங்களாகச் சேர்த்து வைப்பதைத் தயாரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 6 பாடங்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகள் கையில் இருக்கும் அதே மலிவு வண்ணம், அதே தாளில், கடிகாரத்தைப் பார்த்தபடி செய்ய வேண்டும். 40 நிமிட வகுப்பில் பொருள் கொடுக்க 5, விளக்க 5, சுத்தம் செய்ய 8 போனால் வரைய 22 நிமிடம்தான் மிச்சம். அவர் 10 நிமிடத்தில் முடிப்பது பிள்ளைகளுக்கு 20, 25 நிமிடம் இழுக்கும். அப்படிப்பட்ட பாடத்தை இப்போதே இரண்டு வகுப்பாகப் பிரித்துவிடலாம்.

செய்து பார்த்தால்தான் தெரியும் சிக்கல்களும் உண்டு. ஊதா நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்பை நீலத்தோடு கலந்தால் அழுக்குப் பழுப்புதான் வரும். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருப்பதால் மூன்று அடிப்படை நிறங்களும் சேர்ந்து மங்கிவிடுகின்றன. 'மிஸ், எனக்கு வரலை' என்று வகுப்பே கத்தும்போது காரணம் தேட நேரம் இருக்காது. நீலச் சாயல் உள்ள கிரிம்சன் சிவப்பும், அல்ட்ராமரின் என்ற அடர் நீலமும் வாங்கினால் தெளிவான ஊதா கிடைக்கும். வண்ணம் வாங்கும் பட்டியலில் வெள்ளையை மற்ற நிறங்களைவிட இரு மடங்கு எழுதட்டும். முதலில் தீர்வது அதுதான். நீர்வண்ணத்துக்கு 200 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறைந்த தாள் ஈரத்தில் அலையலையாக நெளியும். பென்சில் வேலைக்கு 120 போதும்.

பள்ளி திறப்பதற்கு 2 நாள் முன்பு அலமாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த போஸ்டர் வண்ணம் தண்ணீர் விட்டால் மறுபடி கரையும். நாற்றம் அடித்தால் பூஞ்சை பிடித்திருக்கும், கொட்டிவிட வேண்டும். அக்ரிலிக் ஒட்டிக் காய்ந்த தூரிகை தண்ணீரில் மீளாது.

இத்தனைக்கும் பிறகு, பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்தும் அதே மனநிலை என்றால், குழந்தைகள் நூலுக்குப் படம் வரைதல், அருங்காட்சியகக் கல்விப் பிரிவு போன்ற வழிகளைப் பார்க்கலாம். அந்த 6 பாடங்களுக்காகச் செய்து பார்த்த மாதிரிகளையும் நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எவ்வளவு நேரம், என்ன பொருள் என்று குறித்து வைக்கட்டும். இப்படிப்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.