தட்டில் பெய்த மழை – கடிதம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு வானொலி நாடகம் பதிவு செய்ய ஆசை. மழை, குதிரை, தீ போன்ற சத்தங்களை இலவசமாக எங்கே தரவிறக்கம் செய்யலாம்? நல்ல ஸ்கிரிப்ட் ஏதாவது சொல்லுங்கள். எந்நேரமும் வீடியோ பார்க்கும் பிள்ளைகள் படமே இல்லாத நாடகத்தைக் கேட்பார்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இந்த வாரம் முழுக்க அப்பத்தா நினைவாகவே இருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம். அவளுக்குக் கண்ணில் புரை. ராத்திரி திருச்சி வானொலியில் நாடகம் என்றால் பட்டாலையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. "வளவுல வத்தல் கெடக்கு, அள்ளுங்கடா!" என்று அவள் போட்ட கூச்சலில் நாங்கள் நாலு பேரும் ஓடி, பாதி வத்தலை அள்ளிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். வளவு முற்றத்துக்கு மேலே வானம் முழுக்க நட்சத்திரம்.

நீங்கள் என்னவென்றால் மழையை எங்கே தரவிறக்கலாம் என்று கேட்கிறீர்கள். கோபம்தான் வருகிறது. எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி உளுந்தைப் போட்டு மெல்லச் சாய்த்துச் சாய்த்து உருட்டச் சொல்லுங்கள், அதுதான் மழை. இரண்டு கொட்டாங்கச்சியை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தட்டினால் குதிரை தெருவில் போகும், மணல் பரப்பிய தாம்பாளத்தில் தட்டினால் கண்மாய்க்கரையில் போகும். இதைச் செய்கிற பிள்ளை முதலில் மழையைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். ஓட்டில் விழுகிற மழை வேறு, வளவில் வைத்த அண்டாவில் விழுகிற மழை வேறு. போனிலிருந்து எடுத்துப் போடுகிற பிள்ளைக்கு அந்த வேலையே இல்லாமல் போகிறது.

இன்னொன்று, இதை விடமாட்டேன். சத்தம் தனியாக எதையும் சொல்லாது, அதற்கு முன்னால் வருகிற வசனம்தான் சொல்லும். பிஸ்கட் பாக்கெட்டின் மொடமொடத்த தாளை மைக்குக்குப் பக்கத்தில் கசக்குங்கள். என்ன சத்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. "ஐயோ, வைக்கப்போரு பத்திக்கிச்சு!" என்று ஒருவன் கத்திய பிறகு கசக்கினால் தீ. "பலகாரம் வேகுதா ஆச்சி?" என்று கேட்ட பிறகு கசக்கினால் எண்ணெய்ச்சட்டி. அதே தாள், அதே கைதான். வசனம் பிந்தினால் எவ்வளவு நல்ல சத்தமும் வெறும் இரைச்சல். ஒத்திகையில் இதை மட்டும் பத்துத் தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான தீயைப் பதிவு செய்து போட்டாலும் வசனம் இல்லாவிட்டால் தாளைக் கசக்குகிற மாதிரிதான் கேட்கும்.

வீடியோ பார்க்கிற பிள்ளைகள் கேட்பார்களா என்ற கவலை வேண்டாம், விளக்கை அணைத்துவிடுங்கள். 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய நாடகமே, நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இருட்டில் தவிப்பதுதான். வானொலிக்கென்றே எழுதிய ஆரம்பகால நாடகங்களில் ஒன்று அது. வீட்டில் கேட்டவர்களையும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கச் சொன்னார்கள்.

ஸ்கிரிப்ட் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், அவரவர் வீட்டில் நடந்ததை. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பதிவானதும் எனக்கு அனுப்புங்கள் அம்மா, ராத்திரியில் கேட்கிறேன்.