மகள் ஏன் இப்போது வருவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 43. மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், என் அம்மா ஆகியோருடன் லண்டனில் வசிக்கிறேன். மூன்று வருடங்களாக செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஞாயிறுதோறும் சைக்ளோகிராஸ் என்கிற, சேற்றிலும் புல்லிலும் சைக்கிள் ஓட்டுகிற பந்தயத்துக்குப் போகிறேன். 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. 12 மணிக்கு ஆரம்பித்து 40 நிமிடம் ஓடும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப 4.30 ஆகிவிடும். பிறகு சைக்கிள் கழுவ வேண்டும். மகள் முன்பெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பாள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில் கை பட்டால் பிரேக் கெட்டுவிடும் என்பதால் உள்ளே போகச் சொல்வேன். இப்போது அவள் வருவதில்லை, வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஆனாலும் மனைவி வாராவாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. சேற்றுக்காக 1,800 பவுண்டில் இரண்டாவது சைக்கிள் வாங்க நினைக்கிறேன். பந்தயத்தின் நடுவே சைக்கிள் மாற்றுகிற இடமான பிட்டில் மனைவி நின்று மாற்றிக் கொடுத்தால் அவளும் கலந்துகொண்ட மாதிரி இருக்கும். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

தம்பி, குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்ற வரியை எழுதாத கணவர் இந்தப் பகுதிக்குக் கடிதம் போட்டதே இல்லை. அதற்காக உங்களைப் பாராட்டப் போவதில்லை. மனைவியைச் சம்மதிக்க வைக்கும் வழியும் சொல்லப் போவதில்லை. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "இப்போது அவள் வருவதில்லை, வேலையும் சீக்கிரம் முடிகிறது."

இதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கவில்லையா? ஒன்பது வயதுப் பெண் குழந்தை, நாள் முழுக்க அப்பா இல்லாத ஞாயிற்றுக்கிழமையின் கடைசியில், குளிரில் வந்து பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளுக்கு டிஸ்க்கும் தெரியாது, அதை இறுக்கிப் பிடிக்கிற பேடும் தெரியாது. அப்பா அங்கே இருக்கிறார், அதனால் வந்தாள். நீங்கள் உள்ளே போகச் சொன்னீர்கள். ஒரு வாரம் சொன்னீர்கள், அடுத்த வாரமும் சொன்னீர்கள், பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அது உங்களுக்கு வேலை சீக்கிரம் முடிகிற வசதியாகப் படுகிறது.

நீங்கள் சொன்ன காரணத்தையும் பார்ப்போம். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் கத்தும், பிடி குறையும். உண்மைதான். ஆனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் டிஸ்க்கை இருபுறமும் துடைத்தால் ஒரே நிமிடத்தில் சரியாகிவிடும். பேடிலேயே எண்ணெய் ஊறிவிட்டாலும் ஒரு ஜோடி பேடோடு செலவு முடிந்தது. அதுவும் பெரும்பாலும் குழந்தையின் விரலால் வருகிற கேடு இல்லை. செயினுக்கு அடிக்கிற ஸ்பிரேயின் சாரல் பின் டிஸ்க்கில் படிவதால் வருவது. செயினைத் தேய்த்த அதே பிரஷ்ஷால் சக்கரத்தையும் தேய்க்கிறவர்களுக்கும் இதே கதிதான். இந்த இரண்டையும் நீங்கள் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரேயைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக விடுகிற ஈரக்கால எண்ணெய் வாங்குங்கள். செயினுக்கு ஒரு பிரஷ், மற்றதற்கெல்லாம் வேறு பிரஷ். இரண்டும் வேறு வேறு வாளியில் இருக்கட்டும்.

அவள் பக்கத்தில் இருக்கும்போது உண்மையான ஆபத்து வேறு. சுழல்கிற டிஸ்க் விரலை வெட்டும். சுழல்கிற செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் போனால் நசுங்கும். ஆகவே அவள் கை சைக்கிள் மேல் இருக்கும்வரை பெடலை யாரும் சுற்றக் கூடாது. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிடுங்கள். கழற்றியதும், பேட்களைத் தாங்குகிற பிரேக் காலிப்பருக்குள் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தக்கையைச் செருக மறக்காதீர்கள். எந்தக் குழந்தையும் பிரேக் லீவரை அழுத்திப் பார்க்காமல் இருக்காது. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரம் இல்லாதபோது லீவரை அழுத்தினால் பேட்கள் ஒட்டிக்கொண்டு, திரும்பச் சக்கரம் உள்ளே நுழையாது. தக்கை இருந்தால் அவள் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

அவளுக்குக் கொடுக்க வேலை நிறைய இருக்கிறது. இலையுதிர் காலத்துப் பந்தயத்தில் வெறும் சேறு மட்டும் ஒட்டுவதில்லை. ஈரப் புல்லும் பழுத்த இலையும் சேர்ந்து பின் கியரின் இரண்டு குட்டிப் பல்சக்கரங்களைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகிவிடும். அதைக் கவனிக்காமல் மிதித்தால் கியர் இழுபட்டு, அதைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கிற ஹேங்கர் வளையும் அல்லது முறியும். கியர் ஆரக்கம்பிக்குள் போனால் சக்கரமும் போச்சு. அந்தப் புல்லை நுனி மழுங்கிய குச்சியால் நோண்டி எடுப்பது சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை. டயர்களின் முள்ளுக்கு நடுவே அடைந்த மண்ணையும் அவளே எடுக்கட்டும். பேட் உரசும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லட்டும். மணல் கலந்த சேற்றில் பிசினால் ஆன ரெசின் பேட் ஒரே பந்தயத்தில் தேய்ந்து தீர்ந்துவிடுவதும் உண்டு; சேற்றுக்கு உலோகம் கலந்த பேட்தான் தாங்கும். உங்கள் 43 வயதுக் கண்ணைவிட அவள் கண் நன்றாகப் பார்க்கும்.

இனி நேரக் கணக்கு. பந்தயம் 40 நிமிடம். வீட்டை விட்டுப் போயிருப்பது எட்டரை மணி நேரம். 12 மணிப் பந்தயத்துக்கு 8 மணிக்குக் கிளம்பவேண்டியதே இல்லை. திடல் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தால் 9.45க்குக் கிளம்பினால் போதும். 10.30க்கு எண் அட்டை வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள். பந்தயங்களுக்கு இடையே தடத்தைத் திறந்துவிடும்போது இரண்டு சுற்று ஓட்டுங்கள்: முதல் சுற்று மெதுவாக, வேர் எங்கே, எங்கே இறங்கி ஓடவேண்டும் என்று பார்க்க; இரண்டாவது, கஷ்டமான இடங்களில் மட்டும் பந்தய வேகத்தில். அதற்கு மேல் சுற்றினால் கால் களைக்கும், சைக்கிளில் சேறுதான் ஏறும். டயரில் காற்று எவ்வளவு என்பதை இரண்டுக்கும் நடுவே முடிவுசெய்துவிடலாம். 70 கிலோ எடைக்கு 33 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் என்றால் சேற்றில் காற்றழுத்தம் முன்சக்கரத்துக்கு 21, பின்சக்கரத்துக்கு 23 பி.எஸ்.ஐ. என்று தொடங்குங்கள். ரிம் தரையில் இடித்தாலோ வளைவில் காற்று பிதுங்கினாலோ ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக ஏற்றுங்கள்.

12.40க்கு முடிகிறது. காரில் பத்து லிட்டர் கேன் இரண்டு தண்ணீரும் கையால் பம்ப் அடிக்கிற தெளிப்பானும் வைத்திருந்தால் சேறு காய்வதற்குள் பதினைந்து நிமிடத்தில் முக்கால்வாசி கழுவிவிடலாம். காய்ந்த பிறகுதான் ஒன்றரை மணி நேரம் தேய்க்கவேண்டி வரும். பிரஷர் வாஷரைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போய் பேரிங் துருப்பிடிக்கும். 1.15க்குக் கார் கிளம்பினால் 2 மணிக்கு வீட்டில் இலை போடலாம். அப்படியானால் 4.30 எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பிறகு நடக்கிற பந்தயத்தை வேடிக்கை பார்த்ததிலிருந்தும், கார் நிறுத்துமிடத்துப் பேச்சிலிருந்தும் வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு அந்த ஊரில் 5 மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஞாயிறன்று உங்கள் குடும்பத்துக்கு வெளிச்சத்தில் கிடைக்கக்கூடிய அப்பா 2 மணிக்குப் பிறகான அந்த மூன்று மணி நேரம்தான்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு சொல். பிள்ளையோடு வாழ ஊரைவிட்டு வந்தவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருடன் சாப்பிடுகிறார்? பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பரிமாறிவிட்டு உங்கள் மனைவி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? வாரம் ஒரு வேளைச் சோறு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது குடும்பத் தலைவனின் கடமை என்பது என் உறுதியான எண்ணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேற்று உடையை யார் துவைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் தெரிகிறது. இனி நீங்கள் துவையுங்கள். வெளியே வாளியில் இரண்டு தண்ணீர் அலசி மண்ணை விட்ட பிறகே மெஷினில், 30 டிகிரியில், துணி மென்மையாக்கும் திரவம் இல்லாமல். நேரே போட்டால் மண் மெஷினின் ஃபில்டரை அடைக்கும், அதைத் திறந்து வழிக்கவும் மனைவிதான் வரவேண்டியிருக்கும். ஷூவின் உள்தட்டைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள்.

இரண்டாவது சைக்கிள் வேண்டாம். அது அரைச் சுற்றுக்கு ஒருமுறை சைக்கிளை மாற்றுகிறவர்களுக்கு. மாற்றிய சைக்கிளை அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் கழுவித் தயாராக வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக மனைவியைக் குறித்துவிட்டு, அவரும் கலந்துகொண்ட மாதிரி இருக்கும் என்கிறீர்கள். ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நவம்பர் மழையில் உங்கள் சைக்கிளைக் கழுவுவதற்கு அந்தப் பெயரா? அவர் கேட்டாரா? சேறுதான் கவலை என்றால் ஆழமான முள் வைத்த டயர் ஒரு ஜோடி, உங்கள் சட்டத்துக்குப் பொருந்துகிற ஹேங்கர் ஒன்று, உலோகப் பேட் இரண்டு ஜோடி வாங்குங்கள். 1,800 பவுண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடியும்.

எல்லா ஞாயிறும் போகவும் வேண்டாம். பல லீக்குகளில், அதாவது பருவம் முழுக்க நடக்கிற தொடர் பந்தயங்களில், எல்லா ஞாயிற்றின் புள்ளிகளையும் கூட்டுவதில்லை, சிறந்த சில பந்தயங்களைத்தான் சேர்க்கிறார்கள். உங்கள் லீக்கின் விதியைப் படித்துப் பாதியைத் தேர்ந்தெடுங்கள். நவராத்திரி ஞாயிறையும் தீபாவளியை ஒட்டிய ஞாயிறையும் முதலில் அடித்துவிட்டு, மீதியை மனைவி முன்னால் காலண்டரில் குறியுங்கள்.

பெரும்பாலான லீக்குகளில் காலையில் சிறுவர் பந்தயம் உண்டு. மகளுக்கு ஆசை இருந்தால் மட்டும் சேருங்கள். ஆசை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் சைக்கிள் வாங்கிவிடாதீர்கள். அவளிடம் மவுண்டன் பைக் இருந்தால் அதுவே போதும்: இரண்டு பிரேக்கும் வேலை செய்யவேண்டும், ஹேண்டில்பார் முனை இரண்டிலும் அடைப்பான் வேண்டும், மட்கார்டையும் சைடு ஸ்டாண்டையும் கழற்ற வேண்டும், ஹெல்மெட் சரியாகப் பொருந்தவேண்டும். அவள் எடைக்கு டயரில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும்.

ஆனால் முதலில் இந்த ஞாயிறு. சக்கரத்தைக் கழற்றித் தக்கையைச் செருகிவிட்டு, உள்ளே போய் நீங்களே கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்பாள். வற்புறுத்தாதீர்கள், கோபிக்காதீர்கள், அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள். ரப்பர் கையுறையை மறக்காமல் மிகச் சிறிய அளவில் வாங்கி வையுங்கள், உங்களுடையது அவள் விரலில் நிற்காது.